மாமரத்தின் மொத்த இலைப் பரப்பை ஓர் இலைகூடப் பறிக்காமல் கணக்கிட முடியுமா?

கேள்வி இது: "வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம் நிற்கிறது. கல்லூரிப் புராஜெக்டுக்கு அதன் மொத்த இலைப் பரப்பு வேண்டும். இலையைப் பறிக்கவோ கிளையை வெட்டவோ வீட்டில் விடமாட்டார்கள். இலைப் பரப்பு அளக்கும் கருவியும் கிடையாது. டேப், கிராஃப் தாள், செல்போன் இருக்கிறது. இதை வைத்து நம்பகமான ஓர் எண் கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் உழைப்பை எங்கே போடுவது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தேடிப் பார்த்தால் கிடைப்பதில் பெரும்பாலானவை தனி இலையின் பரப்பை அளக்கும் முறைகள்தான். அது வேலையில் எளிதான பாதி. மரத்தின் இலைப் பரப்பு என்பது சராசரி இலையின் பரப்பை இலைகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. முதல் எண்ணில் கொஞ்சம் கவனமாக இருந்தால் பிழை இரண்டு மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இரண்டாவது எண்ணைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டால் பாதிக்குப் பாதி தவறினாலும் வியப்பதற்கில்லை. இலையில் மில்லிமீட்டர் பார்த்துவிட்டு எண்ணிக்கையில் கோட்டை விடுகிற புராஜெக்ட்கள்தான் அதிகம்.

சரி, எளிதான பாதியை முடித்துவிடுவோம்.

காம்பை விட்டுவிட்டு, இலைத்தகடு தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை நீளம். நடுநரம்புக்குச் செங்குத்தாக, மிக அகன்ற இடத்தில் அகலம். இரண்டையும் பெருக்கி, ஒரு மாறிலியால் பெருக்கினால் பரப்பு. இலை துல்லியமான நீள்வட்டமாக இருந்தால் அந்த மாறிலி 0.785, முக்கோணமாக இருந்தால் 0.5. சிற்றிலைகளாகப் பிரியாத இலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மாண்ட்கோமரி 1911-இல் மக்காச்சோள இலைக்கு 0.75 என்று கண்டார். நூறு ஆண்டு தாண்டியும் மக்காச்சோளக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மா இலைக்கான மாறிலியை ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். பங்கனபள்ளி இலையும் நாட்டு மா இலையும் ஒரே வடிவம் இல்லை. உங்கள் மரத்துக்கு நீங்களே கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். மரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும், மேலும் கீழுமாக, சிறிதும் பெரிதுமாக முப்பது இலைகள் தேர்ந்தெடுங்கள். ஓர் அட்டையில் தாளைப் பொருத்தி, கிளையிலேயே இருக்கும் இலைக்கு அடியில் வைத்து, இலையைத் தட்டையாக அழுத்திப் பென்சிலால் விளிம்பை வரையுங்கள். மா இலை நடுநரம்பில் லேசாக மடிந்திருக்கும், ஓரம் அலையலையாக இருக்கும். அழுத்தாமல் வரைந்தால் பரப்பு குறைந்துதான் வரும். அதே இலையின் நீள அகலத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

வரைந்ததைக் கிராஃப் கட்டம் எண்ணியும் அளக்கலாம். அதைவிட எடை போடுவது வேகம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் பரப்பு சுமார் 624 சதுர செ.மீ., எடை 5 கிராம். அதாவது ஒரு கிராமுக்கு 125 சதுர செ.மீ. வரைந்த வடிவத்தைக் கத்தரித்து 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் வைத்தால் பரப்பு வந்துவிடும். தராசின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.25 சதுர செ.மீ. மாறும், 65 சதுர செ.மீ. இலையில் அது இரண்டு சதவீதம், பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: தாள் ஈரக்காற்றில் கனக்கும். அதே கட்டிலிருந்து 10 × 10 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, அதே நேரத்தில் அதையும் எடை போட்டு, அந்த எடையை 100 சதுர செ.மீ.க்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் படமெடுத்து இமேஜ்ஜே மென்பொருளில் அளக்கத் தெரிந்தால் அதுவும் சரி. இலையோடு ஒரு ஸ்கேலும் படத்தில் இருக்க வேண்டும், நேர் மேலிருந்து எடுக்க வேண்டும், ரொம்பக் கிட்டே போய் எடுக்கக் கூடாது. கிட்டே போனால் படத்தின் ஓரங்கள் வளையும்.

முப்பது பரப்புகளையும் கூட்டி, முப்பது நீள-அகலப் பெருக்கல்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் உங்கள் மாறிலி. ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியாக விகிதம் கண்டு சராசரி எடுப்பதைவிட இது மேல். அளவுப்பிழை அதிகமுள்ள குட்டி இலைகள் ஆட்டம் காட்டாது. செம்புநிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் புதுத்தளிரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இன்னும் விரிந்து முடியவில்லை, வடிவம் வேறாக இருக்கும். மரத்தில் தளிர் நிறைய இருந்தால் அதற்குத் தனி மாறிலி போடுங்கள், அல்லது தளிர் முற்றும் வரை சில வாரம் காத்திருங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பலர் சராசரி நீளத்தைச் சராசரி அகலத்தால் பெருக்கிவிடுகிறார்கள். இரண்டு இலைகள் என்று வைத்துக்கொள்வோம்: ஒன்று 10 × 3, இன்னொன்று 24 × 7. பெருக்கல்கள் 30, 168, சராசரி 99. சராசரி நீளம் 17, சராசரி அகலம் 5, பெருக்கினால் 85. பதினான்கு சதவீதம் போய்விட்டது. நீளமான இலை அகலமாகவும் இருப்பதால் இந்தப் பிழை எப்போதும் குறைவான பக்கமே சாயும். ஒவ்வோர் இலைக்கும் பெருக்கிவிட்டு அப்புறம் சராசரி எடுங்கள்.

இனி கடினமான பாதி. மரத்தில் பத்தாயிரம் இலைகளா, முப்பதாயிரமா?

எல்லாவற்றையும் எண்ண முடியாது. "நடுத்தரமான" ஒரு கிளையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, எண்ணி, கிளைகளின் எண்ணிக்கையால் பெருக்குவது வழக்கமான முறை. நம் கண் நடுத்தரம் என்று நினைப்பது பெரும்பாலும் நன்றாகத் தழைத்த, கைக்கெட்டும் கிளை. அதோடு கீழ்க்கிளை இலைகள் நிழலில் வளர்ந்தவை, பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்கும். உச்சியில் வெயில் குடித்தவை சிறியவை. எண்ணிக்கை, பரப்பு இரண்டுமே சாயும்.

இதற்கு அழகான வழி ஒன்று 1955-இலேயே வந்துவிட்டது. மரத்திலுள்ள காய்களை எண்ணுவதற்காக ஜெஸ்ஸன் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய முறை அது. குலுக்கல் கிளைத் தேர்வு என்று சொல்லலாம். அடிமரத்தில் தொடங்கி, ஒவ்வொரு கவட்டிலும் குலுக்கல் போட்டு ஒரு கிளையில் ஏறிக்கொண்டே போவது. தடித்த கிளைக்கு வாய்ப்பு அதிகம், மெல்லிய கிளைக்குக் குறைவு. கடைசியில் வந்து சேரும் சிறு கிளையில் இலைகளை எண்ணி, அந்தக் கிளைக்கு வந்து சேர்வதற்கான மொத்த நிகழ்தகவால் வகுத்தால் முழு மரத்துக்கான மதிப்பீடு.

கற்பனை எண்களில் ஒரு முறை செய்து பார்ப்போம். அடிமரம் மூன்றாகப் பிரிகிறது. சுற்றளவுகள் 60, 45, 30 செ.மீ. சுற்றளவின் வர்க்கத்தை எடையாக எடுத்துக்கொள்ளுங்கள் (குறுக்குவெட்டுப் பரப்பு அதற்கு நேர்விகிதம்): 3600, 2025, 900. கூட்டுத்தொகை 6525. வாய்ப்புகள் 0.552, 0.310, 0.138. கால்குலேட்டரின் ரேண்டம் பொத்தானை அழுத்துங்கள். 0.552-க்குக் கீழே வந்தால் முதல் கிளை, அதிலிருந்து 0.862 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. 0.71 வந்தது, இரண்டாவது கிளை. அது 36, 27 செ.மீ. என்று பிரிகிறது. எடைகள் 1296, 729, வாய்ப்புகள் 0.64, 0.36. இந்த முறை 0.80 வந்தது, மெல்லிய கிளை. அது 18, 18, 9 என்று மூன்றாகிறது. எடைகள் 324, 324, 81. குலுக்கலில் முதல் கிளை வந்தது, வாய்ப்பு 0.444. மூன்று வாய்ப்புகளையும் பெருக்கினால் 0.0497. அதாவது இந்த ஒரு கிளை, மரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குக்குப் பிரதிநிதி.

அதில் 610 இலைகள் இருக்கின்றன. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அறுபத்தொன்றை அளந்ததில் சராசரிப் பரப்பு 64 சதுர செ.மீ. கிளையின் இலைப் பரப்பு 3.90 சதுர மீட்டர். 0.0497-ஆல் வகுத்தால் முழு மரத்துக்கு ஏறத்தாழ 78.6 சதுர மீட்டர். வழியில், இரண்டு கவடுகளுக்கு இடையே கிளையிலேயே நேராக இலைகள் முளைத்திருந்தால் அவற்றையும் எண்ணி, அதுவரையிலான நிகழ்தகவால் வகுத்துச் சேர்க்க வேண்டும். மாமரத்தில் முதிர்ந்த கிளைகள் மொட்டையாகவே இருக்கும், இலைகளெல்லாம் நுனியில் கொத்தாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

சுற்றளவின் வர்க்கம் ஏன்? 1296-உம் 729-உம் சேர்ந்தால் 2025. பிரிந்த கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்புகள் சேர்ந்தால் தாய்க்கிளையின் பரப்பு. லியோனார்டோ டா வின்சி எழுதிவைத்த விதி இது. (எண்களை நான் அதற்கேற்ப அமைத்தேன், உங்கள் மரம் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.) 1964-இல் ஷினோசாகி, யோடா, ஹோசுமி, கிரா என்ற ஜப்பானியர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மரம் என்பது குழாய்க் கட்டு. ஒவ்வொரு குழாயும் குறிப்பிட்ட அளவு இலைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. ஆகவே ஓரிடத்தில் குழாய்களின் மொத்தப் பரப்பு அதற்கு மேலே இருக்கும் இலைப் பரப்புக்கு நேர்விகிதம். சிறு கிளைகளில் இது நன்றாகவே பொருந்தும். அடிமரத்தில் பொருந்தாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் வைரம் தண்ணீர் கடத்துவதை நிறுத்திவிட்ட பழைய குழாய். அடிமரச் சுற்றளவை மட்டும் அளந்து இலைப் பரப்பைச் சொல்லும் சூத்திரங்கள் வயதான மரத்திலும், மின்கம்பிக்காகத் தலை வெட்டப்பட்ட தெருமரத்திலும் ஏமாற்றுவது இதனால்தான். மரத்தின் தலை போயிருக்கும், அடி அப்படியே இருக்கும்.

ஜெஸ்ஸன் முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். நீங்கள் கொடுக்கும் வாய்ப்புகள் சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கிளைக்கு எட்டவில்லை, டேப் பிடிக்க முடியவில்லை என்றால், கீழே நின்றபடியே "இது ஐந்து பங்கு, அது மூன்று, அந்தச் சின்னது இரண்டு" என்று கண்மதிப்பில் பிரித்துக்கொள்ளலாம். பிரித்தபடியே குலுக்கல் போட்டு, பிரித்த அதே எண்களால் வகுத்தால், சராசரியில் விடை சாயாது. கண்மதிப்பு மோசமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வரும் விடைகள் ஒன்றுக்கொன்று அதிகம் விலகி நிற்கும், அவ்வளவுதான். தடித்திருந்தும் பாதி காய்ந்துபோன கிளைக்கு வேண்டுமென்றே குறைவான பங்கு கொடுக்கலாம், அது புத்திசாலித்தனம்கூட. பூஜ்யம் மட்டும் கொடுக்காதீர்கள். ஓர் இலை இருந்தாலும் அந்தக் கிளைக்குக் குலுக்கலில் இடம் உண்டு. குலுக்கல் விழுந்தபின் "இதில் ஏற முடியாது, பக்கத்துக் கிளையை எடுத்துக்கொள்கிறேன்" என்பதும் கூடாது. ஏணி எட்டாத கிளை வந்தால் பைனாகுலரில் கொத்துகளை எண்ணி, கொத்துக்கு எத்தனை இலை என்பதை எட்டும் கொத்துகளிலிருந்து எடுங்கள். முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் அந்தக் கொத்தையும் தூரத்திலிருந்தே எண்ணிவிடுவது நல்லது.

ஒரு பாதை போதாது. குறைந்தது ஐந்து, ஒவ்வொன்றும் அடியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். ஐந்து பாதைகளில் 78.6, 95, 62, 88, 71 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 79 சதுர மீட்டர். திட்டவிலக்கம் (விடைகள் சிதறும் அளவு) 13, திட்டப்பிழை (சராசரி தவறக்கூடிய அளவு) 6 அளவுக்கு. ஐந்தே பாதைகள் என்பதால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 63-இலிருந்து 95 வரை போகும். இப்போது முதல் பாதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலை மாறிலி 0.72-ஆ 0.73-ஆ என்று மண்டையை உடைத்துக்கொண்டால் மிச்சப்படுவது ஒரு சதுர மீட்டர். அந்த நேரத்தில் இன்னும் மூன்று பாதை ஏறியிருந்தால் இடைவெளி கணிசமாகச் சுருங்கியிருக்கும்.

கிளையில் கை வைக்காமல், வெறும் தோற்ற அளவுகளிலிருந்து சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், அதற்கும் சூத்திரம் உண்டு. தனித்து நிற்கும் நகர மரங்களுக்காக நோவாக் 1996-இல் சிகாகோ மரங்களை வைத்து வெளியிட்டது பிரபலம். தழைப்பகுதியின் உயரம் H, விட்டம் D இரண்டும் மீட்டரில். S என்பது பக்கவாட்டில் பார்த்தால் தழை மறைக்கும் ஒளியின் பங்கு. C என்பது πD(H+D)/2. இலைப் பரப்பின் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) = −4.3309 + 0.2942H + 0.7312D + 5.7217S − 0.0148C. நம் மரத்துக்கு H 5, D 6 என்று வைத்து, S-ஐ 0.80 என்று போட்டால் சுமார் 97 சதுர மீட்டர் வருகிறது. S-ஐ 0.83 என்று போட்டால் 115. மூன்றே சதவீதப் புள்ளி வித்தியாசத்துக்குப் பதினெட்டு சதுர மீட்டர்! யாராலும் கண்ணால் பார்த்து 0.80-ஐயும் 0.83-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. தவிர, அது குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் மரங்களுக்கான சூத்திரம். ஒரு நகரத்தின் ஆயிரக்கணக்கான மரங்களுக்குச் சேர்த்துக் கணக்கிடும்போது கூடுதல் குறைவுகள் ஓரளவு அடிபட்டுப்போகும். ஒற்றை மாமரத்துக்கு நான் இதைப் பயன்படுத்தமாட்டேன்.

ஒளியை வைத்துச் சரிபார்ப்பது அதைவிட உருப்படியானது. 1953-இல் மோன்சியும் சயேகியும் காட்டிய விஷயம்: தழைக்குள் ஒளி அடுக்கு அடுக்காகக் குறைகிறது, ஊடுருவி வரும் பங்கின் இயல் மடக்கையை ஒளித்தணிப்பு மாறிலியால் (தழை ஒளியை எவ்வளவு வேகமாகக் குறைக்கிறது என்பதைச் சொல்லும் எண்) வகுத்து, குறியை மாற்றினால் இலைப்பரப்புக் குறியீடு, அதாவது ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை என்பது. மரத்தடியில் பல இடங்களில் செல்போனை மல்லாக்க வைத்து நேர் மேலே படமெடுங்கள். வெயில் வேண்டாம், விடியலிலோ மேகமூட்டத்திலோ எடுங்கள், வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஆட்டோவில் விட்டால் வானம் வெளுத்து, மெல்லிய இலைகளைத் தின்றுவிடும். படத்தின் மேல் பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, எத்தனை சந்திப்புப் புள்ளிகளில் வானம் தெரிகிறது என்று எண்ணுங்கள். நூறில் இருபது என்றால் ஊடுருவி வரும் பங்கு 0.2. ஒளித்தணிப்பு மாறிலியை 0.5 என்று எடுத்தால் குறியீடு 3.2. தழை மூடிய தரை 28 சதுர மீட்டர். பெருக்கினால் 90 அளவில் வரும்.

79-க்கு 90 என்றால் சண்டை இல்லை, இரண்டும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் ஒளி முறையில் கிளையும் இலையாகவே எண்ணப்படுகிறது. அது விடையைக் கூட்டும். மா இலைகள் கொத்துக் கொத்தாக ஒன்றன்பின் ஒன்று மறைந்திருக்கின்றன, அது விடையைக் குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். செல்போனின் லக்ஸ் அளவியை வைத்து உள்ளேயும் வெளியேயும் ஒளி அளந்து கணக்கிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்கு அதிக மதிப்பு கொடுக்கும். இலை ஊடே விடுவதும் அதிகம் பச்சையைத்தான். அதனால் ஊடுருவும் பங்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டி, இலைப் பரப்பைக் குறைத்துவிடும்.

மாமரத்துக்குப் பதிலாக வேம்பு எடுத்துக்கொண்டால் கிளைத் தேர்வு அப்படியே செல்லும், இலை அளவு மட்டும் மாறும். வேப்பிலை கூட்டிலை, சிற்றிலைகளின் எண்ணிக்கையை எண்ணி, சில சிற்றிலைகளை அளந்து பெருக்க வேண்டும். சிற்றிலையின் அடி ஒருபக்கம் சரிந்திருக்கும், அரிவாள்போல் வளைந்தும் இருக்கும். நீளத்தை நேர்க்கோட்டில் எடுப்பதா நடுநரம்பு வழியாகவா என்று முதலிலேயே முடிவுசெய்து கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டித் தளிர்க்கும், அப்போது அளந்தால் எதற்கும் உதவாது. முருங்கைக்குச் சிற்றிலை எண்ணுவது வீண்வேலை. முழு ஈர்க்கின் நீளத்துக்கும் பரப்புக்கும் உறவு கண்டுபிடித்துக்கொள்வது நல்லது. தென்னையில் கிளையே இல்லை, மட்டையை எண்ணினால் முடிந்தது. சவுக்கில் இலை என்று நாம் நினைக்கும் ஊசி உண்மையில் பச்சைக் குச்சி. உருளை வடிவம் என்பதால் மொத்த மேற்பரப்பில் பாதியை இலைப் பரப்பாகக் கொள்வார்கள்.

அறிக்கையில் அளந்த தேதி, தளிர் இருந்ததா, பாதைகள் எத்தனை, திட்டப்பிழை எவ்வளவு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த பருவத்தில் மறுபடி அளக்கும் எண்ணம் இருந்தால், எண்ணிய கிளைகளின் அடியில் எனாமல் பெயின்டில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அப்போது குலுக்கல் வேண்டாம். அதே கிளைகளை அதே நிகழ்தகவுகளோடு எண்ணினால் போதும். மரத்தின் இலைப் பரப்பு 79-ஆ 90-ஆ என்பதில் சந்தேகம் இருந்தாலும், அது இரண்டு பருவத்துக்கு இடையில் எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்பதை அந்தப் புள்ளி வைத்த கிளைகள் பெரும்பாலும் அதைவிடத் துல்லியமாகவே சொல்லிவிடும்.